வீட்டுக் கணினியில் சொந்தத் தேடுபொறி: ஏஐ உதவியாளருக்கு இன்றைய இணையத்தைத் திறந்துவிடும் வழி

திருகோணமலையில் கடலுக்குப் போகிறவர்களுக்கு நேற்றைய வானிலை அறிக்கையால் பயனில்லை. வளிமண்டலவியல் திணைக்களம் காங்கேசன்துறை தொடங்கித் திருகோணமலை ஊடாக மட்டக்களப்பு வரை எனக் கடற்பகுதிகளைப் பிரித்துச் சொல்லும் எதிர்வுகூறலில், இன்றைய வரிதான் வேண்டும். அதையே உங்கள் கணினியில் ஓடும் ஓர் ஏஐ உதவியாளரிடம் கேட்டுப் பாருங்கள். ஒன்று, தெரியாது என்று சொல்லும். அல்லது, காற்றின் வேகத்தையும் அலையின் உயரத்தையும் தானாகவே கற்பனை செய்து அழகாக எழுதித் தரும். இரண்டாவதுதான் ஆபத்து. மாதக் கடைசியில் மாறும் பெற்றோல் விலைக்கும் இதே கதைதான்.

காரணம் எளியது. மொழி மாதிரி ஒரு குறிப்பிட்ட தேதி வரையான எழுத்துகளைப் படித்துப் பயிற்சி பெற்றது. அதற்குப் பிறகு நடந்தது எதுவும் அதற்குத் தெரியாது, நாம் கொண்டுவந்து கொடுத்தால் ஒழிய. அப்படிக் கொண்டுவந்து கொடுக்கும் வேலையை, காசு கட்டாமல், நமது வீட்டிலேயே ஓடும் ஒரு கருவியால் செய்விப்பது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கணினியைப் போட்டு, கறுப்புத் திரையில் ஒரு கட்டளையை ஒட்டி, என்டர் தட்டத் தெரிந்தால் போதும்.

ஒன்றை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பூட்டிவிட்டு, கடைசியில் "வேலை செய்யவில்லை" என்று நிற்பவர்கள். எது வேலை செய்யவில்லை என்று அவர்களால் சொல்ல முடியாது. ஒவ்வொரு அடுக்கையும் தனியாகச் சோதித்துப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கீழே ஒவ்வொரு படியிலும் அந்தச் சோதனையைச் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

எது எதைச் செய்கிறது

நமக்கு மூன்று துண்டுகள் வேண்டும். முதலாவது தேடுபொறி. இதற்குச் சேர்எக்ஸ்என்ஜி (SearXNG) என்ற திறந்த மூல மென்பொருளைப் பயன்படுத்துவோம். 2021 இல் சேர்எக்ஸ் என்ற பழைய திட்டத்திலிருந்து பிரிந்து வளர்ந்தது இது. இது தானாக இணையத்தைத் துழாவி அட்டவணை போடுவதில்லை. நீங்கள் கேட்டதைக் கூகுள், பிங், டக்டக்கோ, பிரேவ், விக்கிப்பீடியா போன்ற பல இடங்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்பி, வந்த முடிவுகளை ஒன்றாகச் சேர்த்துத் தருகிறது.

இரண்டாவது மொழி மாதிரி. அதை வீட்டிலேயே ஓட்ட ஒலாமா (Ollama) என்ற மென்பொருள் இருக்கிறது. மூன்றாவது, இந்த இரண்டையும் இணைத்து, நாம் தட்டச்சு செய்யும் பக்கத்தைத் தரும் ஓப்பன் வெப்யூஐ (Open WebUI).

காசு கட்டித் தேடல் சேவை வாங்கலாமே என்று கேட்கலாம். வாங்கலாம். ஆனால் அதற்குக் கடனட்டை வேண்டும், மாத எல்லை இருக்கும், அந்த நிறுவனம் நினைத்தால் மூடிவிடும். மைக்ரோசொஃப்ட், பிற மென்பொருள்கள் பிங்கில் தேடுவதற்குத் தந்திருந்த பிங் தேடல் ஏபிஐ சேவையை 2025 ஆகஸ்ட் 11 ஆம் தேதி நிறுத்தியது. அதை நம்பிக் கருவிகள் கட்டியவர்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. கடனட்டை இல்லாத ஒரு மாணவருக்கு, கோணேசபுரி வளாகத்தில் படிக்கிறவரோ மூதூரில் ஏஎல் எழுதுகிறவரோ, சொந்தமாக நிறுவுவதுதான் நடைமுறைக்கு ஏற்ற வழி என்பது என் எண்ணம்.

என்ன கணினி வேண்டும்

சேர்எக்ஸ்என்ஜிக்கு மட்டும் என்றால் பழைய லப்டொப், ராஸ்பெரி பை, எதுவும் போதும். மொழி மாதிரிதான் நினைவகம் கேட்கும். 800 கோடி அளவுருக்கள் (மாதிரி கற்றதைச் சேமித்திருக்கும் எண்கள்) கொண்ட மாதிரி ஒன்றை 4 பிட்டுக்குச் சுருக்கினால் கோப்பு ஏறத்தாழ 5 ஜிபி வரும். அதை ஓட்ட 16 ஜிபி ரம் இருந்தால் மூச்சு விடலாம். 8 ஜிபி மட்டும் என்றால் 300 அல்லது 400 கோடி அளவுருக்கள் கொண்ட சிறிய மாதிரியை எடுங்கள்.

தரவிறக்கம் பெரிது. மாதிரியும் ஓப்பன் வெப்யூஐயும் சேர்ந்து பல ஜிபி வரும். உங்கள் பக்கேஜில் இரவு டேட்டா தனியாக இருந்தால், படுக்கப் போகும்முன் தொடக்கிவிடுங்கள். பிறகு தேடலுக்குச் செலவாகும் டேட்டா மிகக் குறைவு, எழுத்துத்தானே வருகிறது.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோர வீடு என்றால் கணினியை ஜன்னலோரம் வைக்காதீர்கள். உப்புக்காற்று உள்ளே இருக்கும் உலோகத்தை அரித்துவிடும்.

முதற்படி: டொக்கர்

மூன்று மென்பொருள்களையும் தனித்தனியாக நிறுவப் போனால் ஒன்றுக்கொன்று மோதக்கூடும். டொக்கர் ஒவ்வொன்றையும் ஒரு கொள்கலனுக்குள் வைத்து ஓட்டுகிறது. விண்டோஸ் என்றால் டொக்கர் டெஸ்க்டொப், லினக்ஸ் என்றால் டொக்கர் எஞ்சின். நிறுவிய பிறகு, "ஹலோ வேர்ல்ட்" என்ற சோதனைக் கொள்கலனை ஓட்டிப் பாருங்கள். வாழ்த்துச் செய்தி வந்தால் முதல் அடுக்கு சரி.

இரண்டாம் படி: சேர்எக்ஸ்என்ஜி

இதற்கான கட்டளை, சேர்எக்ஸ்என்ஜியின் அதிகாரபூர்வ ஆவணத்தில் டொக்கர் பகுதியில் இருக்கிறது. அதையே நகலெடுங்கள், ஏனென்றால் அது அவ்வப்போது மாறும். நகலெடுத்ததை அப்படியே ஓட்டாமல் சில இடங்களைக் கவனித்துத் திருத்த வேண்டும்.

முதலில் துறை எண் (port), அதாவது கணினியில் ஒரு மென்பொருளை அடையும் வாசலின் எண். கொள்கலனுக்குள் சேர்எக்ஸ்என்ஜி 8080 இல் கேட்டுக்கொண்டிருக்கும். வெளியே அதை 127.0.0.1:8888:8080 என்று கட்டுங்கள். முன்னால் இருக்கும் 127.0.0.1 மிக முக்கியம், இந்தக் கணினியை மட்டும் குறிக்கும் முகவரி அது. அதை விட்டுவிட்டு 8888:8080 என்று மட்டும் போட்டால், அதே வைஃபையில் இருக்கும் எல்லாக் கருவிகளுக்கும் உங்கள் தேடுபொறி திறந்துவிடும். லினக்ஸில் யுஎஃப்டபிள்யூ தடுப்புச்சுவர் போட்டிருக்கிறேனே என்று நம்ப வேண்டாம். டொக்கர் திறக்கும் துறைகள் அந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். விடுதி நடத்துகிறவர்கள் இதை இரண்டு தடவை வாசிக்க வேண்டும். விருந்தினர்களுக்குக் கொடுக்கும் வைஃபையும் உங்கள் கணினி இருக்கும் வலையமைப்பும் வேறுவேறாக இருக்கட்டும்.

அடுத்து அமைப்புக் கோப்பு. செட்டிங்ஸ் என்ற பெயரில் யாமல் வகைக் கோப்பு ஒன்று (settings.yml), உங்கள் கணினியிலுள்ள ஒரு கோப்புறையில் இருக்க வேண்டும். அந்தக் கோப்புறையைக் கொள்கலனுக்குள் இணைக்கும் வரி கட்டளையில் இருக்கும். அப்போதுதான் கொள்கலனை அழித்து மறுபடி போட்டாலும் உங்கள் மாற்றங்கள் தங்கும். கோப்பைத் திறந்து மூன்று மாற்றங்கள் செய்யுங்கள்.

இரகசியச் சாவி (secret_key) என்ற இடத்தில் உதாரணத்துக்கு ஒரு சொல் இருந்தால், அதை நீளமான எழுந்தமான எழுத்துக்கோவையாக மாற்றுங்கள். அந்த உதாரணச் சொல்லையே விட்டுவைத்தால் மென்பொருள் ஓட மறுக்கும்.

லிமிட்டர் என்ற அமைப்பு, ரோபோக்கள் வந்து குடைவதைத் தடுக்க இருப்பது. நமது விடயத்தில் தேடப் போவதே ஒரு ரோபோதான். உங்கள் வீட்டுக்குள் மட்டும் பயன்படும் என்றால் அதை அணைத்துவிடுங்கள்.

மூன்றாவதுதான் அதிகம் பேர் விழும் குழி. சேர்ச் பகுதியில் வெளியீட்டு வடிவங்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. வந்தபடி அதில் எச்டிஎம்எல் மட்டும்தான் இருக்கும். மனிதருக்கு அது போதும், உதவியாளருக்கு மென்பொருள்கள் எளிதில் வாசிக்கும் ஜேசன் (json) வடிவம் வேண்டும். பட்டியலில் எச்டிஎம்எல்லுக்குக் கீழே ஜேசனையும் சேருங்கள். யாமல் கோப்பில் வரியின் முன்னால் விடும் இடைவெளிக்குப் பொருள் உண்டு. மேல் வரியில் எத்தனை வெற்றிடமோ கீழ் வரியிலும் அத்தனை இருக்க வேண்டும், டேப் விசையைத் தொடவே கூடாது. முடிந்ததும் கொள்கலனை மறுதொடக்கம் செய்யுங்கள்.

இப்போது சோதனை. உலாவியில் 127.0.0.1:8888 என்று தட்டுங்கள். தேடல் பெட்டி வரும். "கன்னியா வெந்நீரூற்று" என்று தேடுங்கள். முடிவுகள் வந்ததும், மேலே முகவரிப் பட்டையில் 127.0.0.1:8888/search?q=kanniya&format=json என்று இடைவெளி விடாமல் எழுதி என்டர் தட்டுங்கள். அடைப்புக்குறிகளும் மேற்கோள்களும் நிறைந்த பெரிய எழுத்துக்குவியல் வந்தால் வெற்றி. 403 என்ற பிழை வந்தால் ஜேசன் வரி சரியாகச் சேரவில்லை என்று பொருள். அந்தச் சோதனை தேறும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். இதைத் தாண்டியவருக்குப் பாதி வேலைக்கு மேல் முடிந்துவிட்டது.

அந்தக் குவியலை ஒரு நிமிடம் நிதானமாகப் பாருங்கள். ஒவ்வொரு முடிவுக்கும் தலைப்பு, முகவரி, ஓரிரு வரிச் சுருக்கம் இருக்கும். முழுப் பக்கம் இருக்காது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

மூன்றாம் படி: உதவியாளரை இணைத்தல்

ஒலாமாவை நிறுவி, ஒரு மாதிரியை இறக்கி, கறுப்புத் திரையிலேயே ஒரு கேள்வி கேட்டுப் பதில் வருகிறதா என்று பாருங்கள். பிறகு ஓப்பன் வெப்யூஐயை 127.0.0.1:3000:8080 என்று கட்டி ஓட்டுங்கள். முதலில் பதிவு செய்கிறவர்தான் நிர்வாகி.

நிர்வாகப் பகுதியில் அமைப்புகளுக்குள் வலைத் தேடல் என்ற பக்கம் உண்டு. அதை இயக்கி, தேடுபொறிப் பட்டியலில் சேர்எக்ஸ்என்ஜியைத் தெரிவு செய்து, கீழே முகவரியை எழுத வேண்டும். இங்கேதான் அடுத்த தடங்கல். உலாவியில் வேலை செய்த 127.0.0.1:8888 என்ற முகவரியை இங்கே போட்டால் "இணைப்பு மறுக்கப்பட்டது" என்று வரும். ஒவ்வொரு கொள்கலனும் ஒரு தனி வீடு போன்றது. ஓப்பன் வெப்யூஐ தன் வீட்டுக்குள் நின்று 127.0.0.1 என்று கூப்பிட்டால் அது தன்னையே கூப்பிடுகிறது. பக்கத்துக் கொள்கலனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். இரண்டையும், பல கொள்கலன்களை ஒன்றாகத் தொடக்கும் ஒரே டொக்கர் கொம்போஸ் கோப்பில், அதாவது ஒரே வலையமைப்பில் வைத்து, தேடுபொறிக் கொள்கலனுக்கு நீங்கள் கொடுத்த பெயரையும் அதன் உள்துறை எண்ணான 8080 ஐயும் எழுதுங்கள். 8888 வெளியில் இருந்து வருகிறவர்களுக்கான எண், உள்ளே அது செல்லாது.

முடிவுகளின் எண்ணிக்கையை மூன்று முதல் ஐந்துக்குள் வையுங்கள். கூடக் கொடுத்தால் நல்ல பதில் வரும் என்பது தவறான எண்ணம். சிறிய மாதிரி குழம்பும். அதோடு, ஒலாமாவில் மாதிரி ஒரே நேரத்தில் மனதில் வைத்திருக்கும் எழுத்தின் அளவு, வந்தபடி சிறியதாகத்தான் இருக்கும். தேடல் முடிவுகள் அதற்குள் அடங்காவிட்டால் சத்தமில்லாமல் வெட்டுப்படும். உங்களுக்கு எந்தப் பிழைச் செய்தியும் வராது, பதில் மட்டும் தடம் மாறும். மாதிரியின் மேம்பட்ட அமைப்பில் சூழல் நீளத்தை 8192 அல்லது, ரம் இடம் கொடுத்தால், 16384 ஆக உயர்த்துங்கள். தமிழ்ச் சொற்கள் ஆங்கிலத்தைவிட அதிகத் துண்டுகளாக உடைவதால் நமக்கு இது இன்னும் அவசியம்.

இனி உரையாடல் பெட்டிக்குக் கீழே வலைத் தேடலை இயக்கிவிட்டுக் கேள்வி கேளுங்கள்.

ஓப்பன் வெப்யூஐ வேண்டாம், கிளாட் டெஸ்க்டொப் அல்லது எல்எம் ஸ்டூடியோவில் இணைக்க வேண்டும் என்றால் எம்சிபி என்ற வழி இருக்கிறது. ஆந்த்ரொபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட, உதவியாளர்களை வெளிக் கருவிகளோடு இணைக்கும் பொது நெறிமுறை அது. சேர்எக்ஸ்என்ஜிக்கான எம்சிபி இணைப்பிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் தேடுபொறியின் முகவரியை அவற்றின் அமைப்பில் எழுதினால் போதும். ஆனால் உதவியாளர் மேகத்தில் ஓடுவதாக இருந்தால், நீங்கள் கேட்ட கேள்வியும் தேடி வந்த முடிவுகளும் அந்த நிறுவனத்தின் கணினிக்குப் போகும். தேடுபொறி மட்டும் வீட்டில் இருப்பதால் எல்லாம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. இன்னொன்று: தேடும்போது கூகுளுக்கும் மற்றவர்களுக்கும் உங்கள் வீட்டு இணைப்பின் ஐபி முகவரி தெரியத்தான் செய்யும். தெரியாமல் போவது உங்கள் கணக்கும் குக்கிகளும்.

தேடினால் போதாது, வாசிக்கவும் வேண்டும்

சுருக்க வரிகளை மட்டும் பார்த்துப் பதில் எழுதும் உதவியாளர், செய்தித் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுப் பேசுகிறவரைப் போலத் தவறும். எனவே முடிவுகளில் உள்ள பக்கங்களைத் திறந்து வாசிக்கும் வசதி இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். ஓப்பன் வெப்யூஐ வந்தபடி பக்கங்களை இறக்கி, துண்டாக்கி, பொருத்தமான துண்டுகளை மாதிரியிடம் கொடுக்கிறது. எம்சிபி இணைப்பிகளில் தேடும் கருவியோடு பக்கம் வாசிக்கும் கருவியும் சேர்ந்திருப்பதைத் தெரிவு செய்யுங்கள்.

இலங்கைத் தமிழ்ப் பக்கங்களில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பழைய சுற்றறிக்கைகளும் பிடிஎஃப் கோப்புகளும் பல, பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. நமது கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு அவை ஆங்கில எழுத்துகளின் குப்பை. வேறு சில வெறும் ஸ்கேன் படங்கள். இரண்டிலிருந்தும் உதவியாளருக்கு ஒன்றும் கிடைக்காது, ஆனால் சும்மா இருக்காமல் ஊகித்து எழுதும். அரச ஆவணம் பற்றிய பதில் வந்தால் மூல இணைப்பை நீங்களே திறந்து பாருங்கள். அதே ஆவணத்தின் ஆங்கில வடிவத்தைத் தேடச் சொன்னால் பல தடவை நல்ல பலன் கிடைக்கும்.

தேடற்சொல்லிலும் கவனம் வேண்டும். நாம் வாய்க்கு வந்தபடி "திருமலை" என்று கேட்டால் திருப்பதித் தேவஸ்தானப் பக்கங்கள் வந்து குவியும். "கன்னியா" என்று மட்டும் போட்டால் கன்னியாகுமரி நுழைந்துவிடும். எனவே உதவியாளரின் நிலையான அறிவுறுத்தலில் இப்படி எழுதி வையுங்கள்: "பயனர் இலங்கையின் திருகோணமலையில் வசிக்கிறார். திருமலை என்றால் திருகோணமலை. உள்ளூர் விடயங்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனியாகத் தேடு. ஒவ்வொரு தகவலுக்கும் இணைப்பும் அந்தப் பக்கத்தின் தேதியும் கொடு. முடிவுகளில் இல்லாததை, இல்லை என்று சொல்." தேடுபொறியின் மொழி அமைப்பைத் தமிழ் என்று குறுக்காமல் எல்லா மொழியும் என்றே விடுங்கள்.

தேதியை வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் எழுதப்பட்ட பக்கம் ஒன்று மேலே வந்துவிட்டால், உதவியாளர் உங்களைப் படகுக்குக் காத்திருக்கச் சொல்லும். மாதிரிக்கு இன்று என்ன தேதி என்பதும் தானாகத் தெரியாது, அதையும் அறிவுறுத்தலில் சேர்க்க ஓப்பன் வெப்யூஐயில் வசதி உண்டு. அண்மைச் செய்தி வேண்டுமானால் தேடலின் கால எல்லையை ஒரு நாள் அல்லது ஒரு மாதம் என்று சுருக்கலாம்.

எல்லாம் பூட்டியதும் மூன்று வகைக் கேள்விகளால் சோதியுங்கள். மாறாத ஒன்று: புறாத்தீவு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட ஆண்டு (2003). தினமும் மாறும் ஒன்று: இன்றைய கடல் எதிர்வுகூறல், திணைக்களத்தின் பக்கத்தோடு ஒப்பிட்டு. கடைசியாக, இல்லவே இல்லாத ஒன்று: நீங்களே ஒரு வீதிப் பெயரைக் கற்பனை செய்து, அது உவர்மலையில் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். "கிடைக்கவில்லை" என்று சொன்னால் அதை நம்பி வேலைக்கு வைக்கலாம். வழி சொல்லத் தொடங்கினால் அறிவுறுத்தலை இன்னும் இறுக்குங்கள், அல்லது மாதிரியை மாற்றுங்கள். கடலுக்குப் போகும் முடிவை மட்டும் எந்த உதவியாளரையும் நம்பி எடுக்க வேண்டாம். அதற்குத் திணைக்களத்தின் அறிவிப்பை நேரே பாருங்கள்.

திடீரென்று முடிவுகள் குறைந்தால்

பெரும்பாலும் ஏதோ ஒரு தேடுபொறி உங்களை ரோபோ என்று கண்டு கதவைச் சாத்தியிருக்கும். சேர்எக்ஸ்என்ஜி அதைச் சிறிது நேரம் ஒதுக்கிவைத்துவிட்டு மற்றவற்றை வைத்து ஓடும். விருப்பங்கள் பக்கத்தில் ஒவ்வொரு பொறியின் வேகமும் நம்பகத்தன்மையும் தெரியும். அடிக்கடி சிவப்பாகும் ஒன்றை அணைத்து, வேறு இரண்டை இயக்குங்கள். வாடகைக்கு எடுக்கும் மேகக் கணினியைவிட வீட்டு இணைப்புக்கு இந்தத் தொல்லை பொதுவாகக் குறைவு. பிறர் நடத்தும் பொதுத் தேடுதளங்களை உங்கள் உதவியாளருக்குப் பயன்படுத்தாதீர்கள். அவற்றில் பெரும்பாலும் ஜேசன் அடைக்கப்பட்டிருக்கும், அதைவிட, தன்னார்வலர்கள் சொந்தச் செலவில் நடத்துவதை ஒரு ரோபோவை விட்டுத் தின்னக் கொடுப்பது நியாயமில்லை.

பாதுகாப்புப் பற்றி

இணையப் பக்கங்களில் மனிதக் கண்ணுக்குத் தெரியாமல், ஏஐக்கு மட்டும் கட்டளை எழுதி ஒளித்துவைக்கிறார்கள். உங்கள் உதவியாளர் அந்தப் பக்கத்தை வாசித்தால் அதை உங்கள் சொல்லாகவே எடுத்துக்கொள்ளக்கூடும். எனவே இணையத்தைத் தேடும் உதவியாளரின் கையில் கோப்பை அழிக்கும், மின்னஞ்சல் அனுப்பும், வங்கிக் கணக்கைத் தொடும் அதிகாரம் எதையும் கொடுக்காதீர்கள்.

வெளியே போகும்போது கைத்தொலைபேசியில் பயன்படுத்த ஆசை வரும். அதற்காக ரவுட்டரில் துறையைத் திறந்துவிட வேண்டாம். டெயில்ஸ்கேல் போன்ற தனியார் வலையமைப்புக் கருவி ஒன்றைக் கணினியிலும் போனிலும் நிறுவுங்கள். உங்கள் கருவிகளுக்கு மட்டும் வழி திறக்கும், கொழும்புக்குப் போகும் இரவு ரயிலில் இருந்தும் கேட்கலாம்.

கரண்ட் போய் வந்ததும் எல்லாம் தானாக எழும்ப வேண்டுமானால், கொம்போஸ் கோப்பில் ஒவ்வொரு கொள்கலனுக்கும் தானாக மறுதொடக்கம் செய்யும் வரியைச் சேருங்கள். கணினியின் பயோஸில் மின்சாரம் திரும்பியதும் இயங்கும் அமைப்பையும் போட்டுவிடுங்கள். ஒரு சிறிய யுபிஎஸ் இருந்தால் இன்னும் நல்லது.

மாதம் ஒரு முறை சேர்எக்ஸ்என்ஜியின் புதிய பதிப்பை இழுத்துப் போடுங்கள். கூகுளும் பிங்கும் தங்கள் பக்க அமைப்பை மாற்றும்போதெல்லாம் இதுவும் அதற்கேற்ப மாற வேண்டியிருக்கிறது. புதுப்பிக்கும் முன் அமைப்புக் கோப்பின் பிரதி ஒன்றை எடுத்து வைத்து, ஓடிக்கொண்டிருக்கும் பதிப்பின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். புதுப்பித்தவுடன் அதே ஜேசன் சோதனையை மறுபடி செய்யுங்கள். தேறாவிட்டால் குறித்துவைத்த பழைய பதிப்பைத் திரும்பப் போட்டு, சில நாள் கழித்து மீண்டும் முயலுங்கள்.